தலையடியும் வல்லாரைச் சாறும்: மூலிகையால் மூளைக் கலத்தைக் காப்பாற்ற முடியுமா?

தலையடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும் வன்னிச் சனத்தின் பையில் நெஸ்டமோல்ட் பக்கெற் இருக்கும், தோடம்பழம் இருக்கும். அதோடு ஒரு சோடாப் போத்தலில் பச்சையாக ஏதாவது இருக்கும். அநேகமாக வல்லாரைச் சாறு. "மூளைக்கு நல்லது, பருக்கிவிடுங்கோ" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இப்போது இதற்கு வைபரும் வட்ஸ்அப்பும் துணை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் மூளைக் கலங்களை அழியாமல் காக்கிறது, நீர்ப்பிரமி நரம்பை வளர்க்கிறது, எல்லாம் ஆய்வில் நிரூபணம் என்று செய்திகள் வருகின்றன.

இந்தச் செய்திகள் முழுப்பொய் இல்லை. ஆய்வுகள் நடந்ததும் நல்ல முடிவு வந்ததும் உண்மை. அந்த ஆய்வில் இருந்தது யார், மருந்து எப்போது, எந்த வழியால், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பவைதான் பகிரும்போது உதிர்ந்துபோகின்றன. அவற்றைத் திரும்பப் பொறுக்கிச் சேர்த்தால் வல்லாரைப் போத்தலுக்கு எந்த நாளில் இடம் உண்டு, எந்த நாளில் இல்லை என்பது விளங்கும்.

அடி ஒன்று, காயம் இரண்டு

ஏ9 வீதியில் இரவில் கறுப்பு மாடு படுத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் அதில் மோதி, ஓடியவரின் தலை தார் வீதியில் அடிபடுகிறது. மண்டையோடு வெடிக்கலாம், மூளை கன்றலாம், குருதிக் கலன் அறுந்து உள்ளே இரத்தம் கட்டலாம், நரம்பு இழைகள் இழுபட்டு அறலாம். இது முதற்காயம். ஒரு கணத்தில் முடிந்துவிடும். அந்தக் கணத்தில் செத்த நரம்புக்கலத்தை எந்த மருந்தாலும் எழுப்ப முடியாது. முதற்காயத்துக்கு மனிதர் கண்டுபிடித்த ஒரே மருந்து ஹெல்மெற். அதுவும் நாடிப்பட்டி பூட்டியிருந்தால்தான்.

இரண்டாவது காயம் அதன் பிறகு தொடங்கி மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நடக்கிறது. அடிபட்ட இடத்தைச் சுற்றி, சாகாமலும் சரியாக உயிரோடு இல்லாமலும் கிடக்கும் கலங்களை அது ஒவ்வொன்றாக எடுக்கிறது. மூளைக் கலத்தைக் காக்கும் மருந்து என்று எவர் பேசினாலும் இந்த இரண்டாவது காயத்தைப் பற்றித்தான் பேசுகிறார். அது நடக்கும் விதம் சுருக்கமாக இது:

1. உடைந்த கலங்களிலிருந்து குளுட்டமேற்று என்ற பொருள் வெளியே கொட்டுகிறது. வழமையில் ஒரு நரம்புக்கலம் அடுத்ததோடு பேசுவதற்குத் துளித்துளியாகப் பாவிக்கும் பொருள் இது. இப்போது வெள்ளமாக வருகிறது.

2. அந்த வெள்ளம் அயல் கலங்களின் கதவுகளைத் திறந்துவிட, உள்ளே கல்சியம் பாய்கிறது. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் அதைத் தாங்கமாட்டாமல் பழுதாகின்றன.

3. பழுதான இழைமணியிலிருந்து சுயாதீன மூலிகங்கள் என்ற, எதையும் உடனே தாக்கும் துணிக்கைகள் கிளம்பி, கலத்தின் கொழுப்புச் சவ்வை ஒட்சியேற்றிக் கெடுக்கின்றன. மூளையில் கொழுப்பு அதிகம் என்பதால் சேதமும் அதிகம்.

4. மூளையின் காவற்கலங்களான மைக்குரோகிளியா உசாராகி அழற்சியைத் தூண்டுகின்றன. கொஞ்சம் அழற்சி குப்பை அள்ள உதவும். அளவு மீறினால் நல்ல கலமும் சேர்ந்து போகும்.

5. குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவர் கசிய, மூளை வீங்குகிறது. மண்டையோடு விரியாத பெட்டி. வீக்கம் கூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் குறைந்து, முதலாம் படியிலிருந்து எல்லாம் திரும்பத் தொடங்கும்.

இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுத்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் உலகம் முழுக்க ஆய்வுகூடங்கள் தாவரச் சேர்வைகளைத் தேடுகின்றன.

எந்தச் செடி எங்கே கைவைக்கிறது

மஞ்சளின் குர்க்குமின் மூன்றாம், நான்காம் படிகளைத் தொடுகிறது. சுயாதீன மூலிகங்களை அடக்கும், அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் ஆளியை அணைக்கும். குளக்கட்டு ஈரத்தில் படர்ந்து கிடக்கும் வல்லாரையில் ஏசியாற்றிக்கோசைட், ஏசியாற்றிக் அமிலம் என்ற பொருள்கள் உண்டு. இவை கலம் தானே தன்னைக் காக்கும் ஒட்சியேற்ற எதிர்ப்பு ஏற்பாட்டைத் தட்டி எழுப்புகின்றன. வயல் வரம்போரம் முளைக்கும் நீர்ப்பிரமியில் பக்கோசைட்டுகள். நாட்டு மருந்துக்கடை அமுக்கராக் கிழங்கில் விதனோலைட்டுகள். கச்சானிலும் முந்திரிகைப் பழத் (திராட்சை) தோலிலும் ரெஸ்வெரற்றோல். பச்சைத் தேயிலையில் கட்டக்கின்கள்.

எலியின் மூளையில் அடித்துவிட்டு இவற்றைக் கொடுத்துப் பார்த்தால் வீக்கம் குறைகிறது, செத்த கலங்களின் எண்ணிக்கை குறைகிறது, ஞாபகத்தைச் சோதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை எலி சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. ஏறத்தாழ எல்லாச் செடியிலும் நல்ல முடிவுதான். இதை வாசிக்கும்போது சந்தோசப்படுவதைவிடக் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கும் பூட்டென்றால், பூட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழியில் மூன்று கடவைகள்

*முதற்கடவை: நேரம்.* ஆய்வுகூடத்தில் எலிக்கு எத்தனை மணிக்கு அடிபடும் என்பது ஆய்வாளருக்குத் தெரியும், ஏனென்றால் அடிப்பவரே அவர்தான். அடித்த 15 நிமிடத்தில், அரை மணித்தியாலத்தில் மருந்து போய்விடும். சில ஆய்வுகளில் அடிக்கு முன்னரே நாட்கணக்காகக் கொடுத்திருப்பார்கள். முத்தையன்கட்டிலோ துணுக்காயிலோ மரத்தால் விழுந்தவருக்கு என்ன நடக்கும்? 1990க்கு அடித்து அம்புலன்ஸ் வரவேண்டும், அல்லது ஓட்டோ பிடிக்கவேண்டும். கிட்டடி ஆஸ்பத்திரியில் நிலைப்படுத்தி, மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தலைக்குள் அறுவைச் சிகிச்சை தேவையென்றால் இன்னும் தூரம் போகவேண்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே ஏறத்தாழ 65 கிலோமீற்றர். எலிக்கு வேலை செய்த மருந்து எவ்வளவு நல்லதென்றாலும், அது வேலை செய்த நேரம் பரந்தனைத் தாண்டும்போதே முடிந்திருக்கும்.

*இரண்டாம் கடவை: சுவர்.* வயிற்றுக்குப் போனது எல்லாம் மூளைக்குப் போகாது. குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு பொதுவாகச் சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளைத்தான் விடும். மூலக்கூற்று நிறை 400, 500ஐத் தாண்டினால் கடப்பது கஷ்டம். வல்லாரையின் ஏசியாற்றிக்கோசைட் ஏறத்தாழ 959. அதில் ஒட்டியிருக்கும் சீனிகளைக் குடலில் வாழும் பற்றீரியாக்கள் கடித்து எடுத்த பிறகுதான் 489 நிறையுள்ள ஏசியாற்றிக் அமிலம் மிஞ்சும். குர்க்குமினின் நிறை 368. சுவருக்குச் சரியான அளவுதான். ஆனால் அது சுவர்வரை வருவதே இல்லை என்று சொல்லலாம். குடல் அதை அதிகம் உறிஞ்சாது, உறிஞ்சியதையும் ஈரல் உடனே மாற்றிக் கழித்துவிடும்.

*மூன்றாம் கடவை: அளவு.* இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எலி ஆய்வுகளில் குர்க்குமின் ஒரு கிலோ உடல் எடைக்கு 100 மில்லிகிராம் என்ற அளவு அடிக்கடி வரும். எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது வழமையாக 6.2ஆல் பிரிப்பார்கள். வருவது கிலோவுக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 970 மில்லிகிராம் தூய குர்க்குமின். மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் உண்டு. ஆகவே 32 கிராம் மஞ்சள், அதாவது ஏறத்தாழ பத்துத் தேக்கரண்டி, ஒவ்வொரு நாளும். அதுவும் வாயால் விழுங்கினால் எலிக்கு ஊசியால் வயிற்றுக்குள் ஏற்றியதற்கு ஈடாகாது. பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் குடிப்பது தொண்டைக்கு இதமாக இருக்கலாம், மூளைக்கான கணக்கில் அது வராது.

இவற்றைவிட மூளையே வேறு மாதிரி. எலியின் மூளை 2 கிராம் அளவு, மேற்பரப்பு மழமழவென்றிருக்கும். எங்களுடையது 1,300, 1,400 கிராம், மடிப்பு மடிப்பாக. அடி விழும்போது இழுபட்டு அறும் வெள்ளை நரம்பிழைகள் எங்களுக்கு மிக அதிகம், எலிக்குச் சொற்பம். ஆய்வு எலிகள் ஒரே வயது, ஒரே வர்க்கம், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஒரே அளவு அடி. ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் ஒருவர் எழுபது வயது நீரிழிவுக்காரர், ஒருவர் வெறியில் விழுந்தவர், ஒருவர் பள்ளிப் பிள்ளை.

இராசவள்ளியின் சொந்தக்காரன்

எலியில் வென்ற மருந்து மனிதரில் தோற்ற கதைகளில் செடியோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்லவேண்டும். புரொஜெஸ்தரோன் என்பது பெண்களின் உடலில் சுரக்கும் ஓமோன். 1940களில் அமெரிக்க இரசாயனவியலாளர் ரசல் மார்க்கர் மெக்சிக்கோவின் காட்டுக் கிழங்கொன்றிலிருந்து டையோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, அதிலிருந்து இந்த ஓமோனைப் பெருமளவில் செய்ய வழிகண்டார். அந்தக் கிழங்கு எங்கள் இராசவள்ளியின் இனம்தான். (இராசவள்ளிக் களி தின்றால் ஓமோன் கூடும் என்று யாரும் கிளம்பவேண்டாம். அந்த மாற்றத்தை இரசாயனவியலாளர் செய்யலாம், மனித உடலுக்குச் செய்யத் தெரியாது.)

இந்த ஓமோன் தலையடிபட்ட எலிகளில் வீக்கத்தைக் குறைத்தது, கலங்களைக் காத்தது. எலி ஆய்வுகள் நிறைய, சிறிய மனித ஆய்வுகளும் நல்லதாக இருந்தன. பிறகு இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. ஒன்றில் 882 நோயாளிகள், மற்றதில் 1,195 பேர். சில மணித்தியாலங்களுக்குள் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். 2014இல் வந்த முடிவில், மருந்து பெற்றவருக்கும் வெறும் திரவம் பெற்றவருக்கும் வித்தியாசம் இல்லை.

அதற்கு முந்திய கதை இன்னும் கசப்பு. தலையடிக்கு ஸ்டீரொயிட் ஏற்றுவது பல பத்தாண்டுகள் உலகெங்கும் இருந்த வழக்கம். வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே நல்லது என்பது நியாயம். 10,008 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தபோது, ஸ்டீரொயிட் பெற்றவர்களில் இரண்டு கிழமைக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21.1, பெறாதவர்களில் 17.9 என்று தெரிந்தது. நியாயம் சரியாக இருந்தும் மருந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. வல்லாரை பற்றி வரும் "அழற்சியைக் குறைக்கும், ஆகவே மூளைக்கு நல்லது" என்ற வசனத்திலும் இதே "ஆகவே" இருக்கிறது.

எல்லாமே தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. செலரி விதையில் கண்டெடுத்து இப்போது ஆய்வுகூடத்தில் செய்யப்படும் பியூட்டைல்தலைட் என்ற மருந்தைச் சீனா 2002இல் அனுமதித்தது. 2023இல் வெளிவந்த, 1,216 பேர் பங்குகொண்ட ஆய்வில் அதைப் பெற்றவர்கள் 90ஆம் நாளில் ஓரளவு நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் அது குருதிக் கட்டி அடைத்து வரும் பாரிசவாதத்துக்கு, தலையடிக்கு இல்லை. விதையை அவித்துக் குடிக்கவில்லை என்பதும் கவனிக்கவேண்டியது. தனி மூலக்கூறு, நிறுத்த அளவு, முதலில் நாளத்தால், பிறகு குளிசையாக. பட்டிப்பூவிலிருந்து வந்த வின்கிறிஸ்டீன் இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்துவதும் இதே மாதிரித்தான். பட்டிப்பூவை அவித்துக் குடித்தால் நஞ்சு.

முதல் நாட்களில் கைமருந்து ஏன் ஆபத்து

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லைத்தானே என்று கேட்பார்கள். கெடுதல் உண்டு. நான்கு வழியால் வரும்.

1. வாயால். ஆஸ்பத்திரியில் நினைவு நிலையை 3 முதல் 15 வரை புள்ளி போட்டு அளப்பார்கள். கண் திறப்பது, பேசுவது, சொன்னதைச் செய்வது என்பவற்றை வைத்து 1974இல் கிளாஸ்கோவில் வகுத்த அளவு அது. 8க்குக் கீழே இறங்கியவருக்கு விழுங்கும் காப்பே இருக்காது. 12இல் இருப்பவரும் நம்பக்கூடியவர் இல்லை. அரை மயக்கத்தில் கிடப்பவருக்குக் கரண்டியால் சாறு பருக்கினால் அது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். மூளை தேறிவரும் நேரத்தில் நிமோனியா.

2. மூக்கால். இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். பரியாரிமாரின் முறையில் தலை நோய்களுக்கு மூக்கில் மருந்து விடும் நசியம் உண்டு. பழைய தலைக்குத்துக்கு அது வேறு விசயம். புதிய தலையடியில் மண்டையோட்டின் அடித்தளம் வெடித்திருந்தால் மூக்குக்கும் மூளைக்கும் இடையே வாசல் திறந்திருக்கும். மூக்காலோ காதாலோ தெளிந்த தண்ணீர் வடிவதும், இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிக் கறுப்பதும் அதன் அடையாளம். அந்த நிலையில் வைத்தியர்களே மூக்கால் குழாய் விடமாட்டார்கள். அங்கே இலைச்சாறு விட்டால் கிருமி நேரே மூளைச் சவ்வுக்குப் போகும்.

3. குருதியால். மஞ்சள் சத்து, உள்ளி, இஞ்சி, கடையில் விற்கும் ஜிங்கோ குளிசை என்பவை அதிக அளவில் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக் கட்டியாவதைக் குறைக்கக்கூடியவை. தலைக்குள் சிறு கசிவு இருப்பவருக்கு முதல் நாளில் இது வேண்டாத உதவி. 2019இல் வெளிவந்த, 12,737 பேர் கொண்ட ஆய்வில் பயன் காட்டிய மருந்து எதிர்த்திசையில் வேலை செய்வது. திரனெக்சாமிக் அமிலம், குருதிக் கட்டி கரையாமல் காப்பது. இலேசான, நடுத்தரமான காயங்களில் 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தபோதுதான் அந்தப் பயனும் தெரிந்தது.

4. குளிசையோடு மோதி. தலையடிக்குப் பின் முதற்கிழமையில் வலிப்பு வராமலிருக்க ஃபெனிடோயின் கொடுப்பது வழமை. இந்த மருந்துக்கு நல்ல அளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரீன், மருந்துகளை ஈரல் கழிப்பதைத் தடுக்கும். குர்க்குமினோடு பைப்பரீனைச் சேர்த்துக் கொடுத்தபோது குருதியில் குர்க்குமின் 20 மடங்கு ஏறியதை 1998இல் பெங்களூர் ஆய்வு காட்டியது. மஞ்சள் குளிசைகளில் மிளகுச் சத்துச் சேர்ப்பது அதனால்தான். அதே பைப்பரீன் ஃபெனிடோயினையும் ஏற்றும். ஏறினால் வருவது தள்ளாட்டம், கண் துடிப்பு, தூங்கி வழிதல். சுக்கு, மிளகு, திப்பிலி போட்ட குடிநீரைக் களவாகப் பருக்கிவிட்டு, "நேற்று நல்லா இருந்தவர், இண்டைக்கு மயங்கிறார்" என்றால், வைத்தியருக்கு அது தலைக்குள் இரத்தம் கூடுவது போலத்தான் தெரியும். திரும்ப ஸ்கானுக்கு அனுப்புவார். கறியில் வழமையாகப் போடும் மிளகைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. புதிதாகத் தொடங்கும் குடிநீரையும் சத்துக் குளிசையையும் வோட்டில் சொல்லிவிடவேண்டும். பேசுவார்கள்தான், பேச்சு வாங்கினாலும் சொல்லவேண்டும்.

சுத்தம் என்று நம்பி வாங்கும் தூள் என்ன தூள் என்பது இன்னொரு கேள்வி. பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேற்றுக் கலந்ததை 2019இல் கண்டுபிடித்தார்கள். ஈயம் நேரடியாக மூளைக்கு நஞ்சு. வல்லாரையை வீட்டு முற்றத்தில் ஆய்ந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

செல் துண்டோடு வாழ்பவர்கள்

புதிய தலையடிக்கு இவ்வளவும். ஆனால் வன்னியில் "தலைக்குள்ள பீஸ் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு தோட்டம் செய்பவரும் கடை நடத்துபவரும் இருக்கிறார்கள். 2009இலும் அதற்கு முன்னரும் போரில் செல் (எறிகணை) துண்டு பட்ட காயங்கள். இவர்களுக்கு இரண்டாவது காயம் எப்போதோ முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை போலும். மூளைக்காயம் பட்ட 10 பேரை ஸ்கான் செய்து லண்டனில் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2011இல் வந்தது. காயம்பட்டு 17 ஆண்டு கழிந்தவர் வரை மைக்குரோகிளியா இன்னும் உசாராக இருந்தது தெரிந்தது.

தாவரச் சேர்வைகளுக்கு நியாயமான இடம் இருந்தால் அது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. இங்கே நேரம் நெருக்காது, வாயால் விழுங்கலாம், மாதக்கணக்கில் எடுக்கலாம். வல்லாரையை, நீர்ப்பிரமியை இப்படி நீண்டகாலம் கொடுத்து, பழைய காயக்காரரின் ஞாபகமும் நித்திரையும் தேறுகிறதா என்று ஒழுங்காகப் பார்க்கும் பெரிய ஆய்வு வேண்டும். கைதடிச் சித்த மருத்துவர்களும் வடக்கின் நரம்பியல் வைத்தியர்களும் ஒரே மேசையில் இருந்தால் செய்யக்கூடிய வேலை அது. அதுவரை, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிப்புளி சேர்த்த வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். சத்தாக வற்றவைத்த குளிசை வேறு. வல்லாரைக் குளிசையாலும் அமுக்கராக் குளிசையாலும் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிப் பதிவுகள் உண்டு. வலிப்புக்கு வல்புரோவேற் எடுப்பவரின் ஈரல் ஏற்கெனவே ஒரு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய காயக்காரர் மூலிகை பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு காரியம் பார்க்கவேண்டும். ஒன்று, எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதிக்கொடுத்தால் தலைக்குள் இரும்புத் துண்டு இருப்பதை முதல் வசனமாகச் சொல்லவேண்டும். காந்தம் அதை அசைத்துவிடும். சி.டி. ஸ்கானுக்கு அந்தப் பயம் இல்லை. மற்றது வலிப்புக் குளிசை. குளிசை முடிந்து, கிளினிக்குக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதுவரை ஏதாவது சாற்றைக் குடித்துச் சமாளிக்கலாம் என்று விடுபவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்திய மருந்தால் வரும் வலிப்பு விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து அடிக்கலாம், ஆளையே கொண்டுபோகலாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிட்டடி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் நாலு நாளுக்கான குளிசையைக் கேட்டு வாங்கலாம்.